கடிதம்: எந்தப் பென்சில், எந்தக் கொப்பி?

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நான் திருகோணமலை பாலையூற்றில் வசிக்கிறேன். பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவு மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். மாலை வேளைகளில் சிறுகதை எழுதிப் பழகுகிறேன். அதே கொப்பியில் டச்சுக்குடாவின் வள்ளங்களையும் கோட்டையடி மான்களையும் கீறிப் பார்ப்பதுண்டு. இணையத்தில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் காட்டும் வெளிநாட்டுக் குறிப்பேடுகளின் விலை என் சம்பளத்துக்கு எட்டாதது. இங்குள்ள புத்தகசாலைகளில் கிடைக்கும் சாதாரணப் பென்சிலும் கொப்பியும் போதுமா? போதும் என்றால், எதை வைத்துத் தெரிவு செய்வது? நான் கீறும் படங்கள் எதிர்ப்பக்கத்தில் ஒட்டி மங்கிவிடுகின்றன. பழைய கொப்பிகளில் கம்பி துருவேறி நடுத்தாள்கள் கழன்று வருகின்றன. இவற்றுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

போதும். எழுதுவதற்கும் கீறிப் பழகுவதற்கும் நமது கடைகளில் கிடைப்பவையே தாராளமாகப் போதும். ஆனால் பென்சிலைத் தனியாகவும் கொப்பியைத் தனியாகவும் கையிலெடுத்து, இது நல்லது, இது கூடாது என்று தீர்மானிக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வழுவழுப்பான தாளில் வெளிறித் தெரியும் அதே எச்பி பென்சில், சற்றுச் சொரசொரப்பான சித்திரக் கொப்பியில் கருமையாக விழும். சித்திரக் கொப்பியில் அழகாக நிழல் தரும் 4பி, பாடசாலைக் கொப்பியில் கை பட்ட இடமெல்லாம் பரவும். ஆகவே நீங்கள் சோதிக்க வேண்டியது இரண்டும் சேர்ந்த சோடியை. அதுவும் நமது ஊரின் காற்றில், உங்கள் கையின் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். வேறொருவரின் பரிந்துரை, என்னுடையது உட்பட, அந்தச் சோதனைக்கு ஒரு தொடக்கமாக மட்டுமே பயன்படும்.

பென்சிலின் உள்ளே இருப்பது காரீயமும் (கிராபைட்; ஈய உலோகம் அல்ல) களிமண்ணும் கலந்து சூளையில் சுட்ட ஒரு தண்டு. பிரான்சு பிரித்தானியாவோடு போரில் இருந்து, இங்கிலாந்தின் காரீயம் அங்கு வராமல் நின்றுபோன காலத்தில், நிக்கோலா ஜாக் கொன்டே என்பவர் 1795 இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். கையிருப்பில் இருந்த தூளை வீணாக்காமல் பயன்படுத்துவதற்காகப் பிறந்த இந்த வழியிலிருந்துதான், களிமண்ணைக் கூட்டியும் குறைத்தும் வன்மையைத் தீர்மானிக்கும் வசதி கிடைத்தது. களிமண் கூடினால் தண்டு கடினமாகி, கோடு மெல்லியதாகவும் வெளிறியதாகவும் விழும்; அது எச் வரிசை. காரீயம் கூடினால் மென்மையும் கருமையும் கூடும். அது பி வரிசை. எச்பி இரண்டுக்கும் நடுவில் நிற்பது. இந்த எழுத்துகளுக்கு எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொண்ட ஒரே அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் எச்பி இன்னொரு நிறுவனத்தின் பி அளவுக்குக் கருமையாக இருப்பது சாதாரணம். அதனால் பென்சிலில் அச்சிட்டிருக்கும் எழுத்தை நம்பி ஒரு பெட்டியை வாங்கிவிடாமல், ஒன்றை மட்டும் வாங்கி எழுதிப் பார்ப்பதே முறை.

பாறை வெடிப்புகளுக்குள் நரம்பு போல ஓடிக் கிடக்கும் காரீயத்துக்கு நமது நாடு பெயர்பெற்றது என்பதை உங்கள் மாணவர்களுக்கு நீங்கள் சொல்லியிருப்பீர்கள். கேகாலை மாவட்டத்தின் போகலையிலும் குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹவிலும் நிலத்தின் ஆழத்திலிருந்து எடுக்கப்படும் அந்தக் காரீயம், 95 வீதத்துக்கும் மேற்பட்ட தூய்மைக்காக உலோகம் உருக்கும் மூசைகள் செய்வோரால் ஒரு காலத்தில் பெரிதும் தேடப்பட்டது. பென்சிலைப் பற்றிய பாடத்தை நமது மண்ணிலிருந்தே தொடங்கலாம் என்பதற்காகத்தான் இதைக் குறிப்பிட்டேன்.

இனிக் கொப்பி. பென்சிலுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட நாம் தாளுக்குக் கொடுப்பதில்லை. உண்மையில் வித்தியாசத்தின் பெரும்பகுதி தாளில்தான் இருக்கிறது. தாளின் கனத்தைச் சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று அளக்கிறார்கள். பாடசாலைக் கொப்பிகளின் தாள் பெரும்பாலும் 60 கிராமை ஒட்டியது. போட்டோக்கொப்பி எடுக்கும் தாள் 70 அல்லது 80 கிராம். ஏ4 தாள் ஒரு சதுர மீற்றரின் பதினாறில் ஒரு பங்கு. எனவே 80 கிராம் தாள் ஒன்று 5 கிராம் எடையும், 500 தாள்கள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ எடையும் இருக்க வேண்டும். உறையில் எழுதியிருப்பதில் ஐயம் வந்தால், கடைத் தராசிலேயே வைத்துப் பார்த்துவிடலாம். கனத்தை விடவும் முக்கியமானது மேற்பரப்பு. தாளைக் கண்ணின் மட்டத்துக்கு உயர்த்தி, கைபேசியின் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மிக நுண்ணிய மேடுபள்ளங்கள் தெரிந்தால் பென்சிலுக்குப் பிடிமானம் உண்டு. பளபளவென்று சமதளமாகத் தெரிந்தால், அது பேனைக்கு ஏற்ற தாள். பென்சில் அதில் வழுக்கிக்கொண்டு போகும், கோடு சாம்பல் நிறத்துக்கு மேல் ஏறாது.

நான் செய்யும் சோதனையை விவரமாகவே சொல்கிறேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, திகதியையும் பென்சிலின் பெயரையும் விலையையும் எழுதிவிட்டு, மனதிலுள்ள ஏதாவது ஒரு விடயத்தை ஒரு முழுப் பந்தியாக, வழக்கமான வேகத்தில் எழுதுங்கள். கடையில் நின்று பெயரை மட்டும் எழுதிப் பார்ப்பதால் எதுவும் தெரியவராது. நாலைந்து வரிகள் போன பிறகுதான் கூர் எவ்வளவு விரைவாக மழுங்குகிறது, விரல் எங்கே நோகிறது என்பவை வெளிப்படும். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். ண, ஞ, இ போன்றவற்றில் மழுங்கிய கூர் சுழியை அடைத்துவிடுகிறதா என்று பாருங்கள். சிறிய எழுத்தில் எழுதுபவருக்கு மிக மென்மையான பென்சில் ஒத்துவராமல் போவது இந்த இடத்தில்தான். அடுத்து, பந்தியின் கீழே ஒரு நீண்ட பெட்டி கீறி, இடது முனையில் பென்சிலின் பாரம் மட்டும் படும்படியும் வலது முனையில் முழு அழுத்தம் கொடுத்தும் நிறைத்து வாருங்கள். அந்தப் பென்சிலும் அந்தத் தாளும் சேர்ந்து எவ்வளவு தூரம் கருமைக்குப் போக முடியும் என்பதை அந்தப் பெட்டி காட்டிவிடும். பெட்டியின் பாதிமீது விரலை ஒரு முறை இழுங்கள்; மறுபாதியை அழிறப்பரால் அழியுங்கள். பிறகு தாளைத் திருப்பி யன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்துகள் பின்பக்கத்தில் புடைத்துத் தெரிந்தால் உங்கள் கை அழுத்தம் அந்தத் தாளுக்கு அதிகம். அப்பொழுது கனமான தாளைத் தேடுவதை விட, ஒரு படி மென்மையான பென்சிலுக்கு மாறுவது மலிவான தீர்வு. கருமை தானாகவே விழும்போது கை அழுத்துவதைக் குறைத்துக்கொள்ளும். கடைசியாகக் கொப்பியை மூடி, பாரமான புத்தகங்களின் அடியில் ஒரு வாரம் வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதே உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை.

அந்த ஒட்டலுக்கு மூன்று காரணங்கள் சேர்கின்றன: மென்மையான பென்சில், வழுவழுப்பான தாள், பக்கங்கள் ஒன்றோடொன்று உராய்வது. நீங்கள் எழுதுவதற்கும் கீறுவதற்கும் ஒரே கொப்பியைப் பயன்படுத்துவதால் இது இன்னும் கூடுகிறது; எழுதும்போது கொடுக்கும் அழுத்தம், அடியிலுள்ள பக்கத்தின் கரியை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவிடுகிறது. படம் கீறிய பக்கத்துக்கு எதிரிலும் பின்னாலும் எழுதாமல் விடுங்கள். பக்கங்களின் நடுவில் வழுவழுப்பான மெல்லிய தாள் ஒன்றை வெட்டி வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளங்கையின் கீழ் ஒரு துண்டுக் கடதாசி இருக்கட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கை வியர்வை தாளில் இறங்குவதையும் அது தடுக்கும்.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளிநாட்டுப் பரிந்துரைகள் தவறவிடுவது இதைத்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்றோடு மழை வரும்போது, திறந்து வைத்த கொப்பி ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். அந்த நிலையில் கடினமான கூர் தாளில் கோடு போடுவதை விடப் பள்ளம் போடுவதே அதிகம். அழிறப்பர் கரியோடு தாளின் நாரையும் கிளப்பிக்கொண்டு வரும். மழைக் காலத்தில் நான் எச்பியை விட்டு பிக்கோ 2பிக்கோ மாறிக்கொள்கிறேன், அழிப்பதையும் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் நமது ஊருக்குப் பென்சில் எவ்வளவு பொருத்தமானது என்பதையும் இதே மழையில்தான் காணலாம். காரீயம் நீரில் கரையாது, வெயிலில் நிறம் மங்காது. கூரை ஒழுகி நனைந்த கொப்பியில் பேனை மை பரவி எழுத்துகள் கலங்கிப்போன இடத்தில், பென்சிலால் எழுதிய பக்கங்களைக் காயவைத்து மறுபடியும் வாசிக்கலாம். உராய்வு ஒன்றுதான் அதற்குப் பகை. கடலோரத்தில் எழுதுகிறவர்கள் முதற் பிரதியைப் பென்சிலால் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பெயர் குறிப்பிட்டுச் சொல்லுங்கள் என்பீர்கள். எழுதுவதற்கு அட்லஸ், நடராஜ், ஸ்டெட்லர் ஆகியவற்றின் எச்பியிலிருந்தோ, கிடைத்தால் பியிலிருந்தோ தொடங்குங்கள். கருமை போதவில்லை என்றால், நடராஜைச் செய்யும் அதே இந்துஸ்தான் பென்சில்ஸ் நிறுவனத்தின் அப்சராவில் கூடுதல் கருமைக்கென்றே ஒரு வகை உண்டு. கீறுவதற்கு 2பி ஒன்றும் 4பி ஒன்றும் போதும்; ஒரு பெட்டி நிறைய வரிசையாகப் பென்சில்கள் வேண்டியதில்லை. வெளிக்கோட்டை எச்பியால் மெல்லத் தொட்டுவிட்டு, நிழலை 2பியின் கூரால் அல்லாமல் அதன் பக்கவாட்டால் பூசுங்கள். சுவாமிப்பாறையைக் கீறும்போது மலிவான சித்திரக் கொப்பியின் சொரசொரப்பு பெரும் உதவி செய்யும். தாளின் மேடுகளில் மட்டும் கரி படிந்து, பள்ளங்கள் வெள்ளையாக நிற்க, பாறையின் பொருக்கு தானாகவே வந்துவிடும். வழுவழுப்பான விலையுயர்ந்த தாளில் அந்தப் பொருக்கை ஒவ்வொரு புள்ளியாக வைத்துத்தான் உண்டாக்க வேண்டியிருக்கும். மான்களின் உடம்புக்கு அதற்கு நேர்மாறாக, சற்று மழமழப்பான தாள் நல்லது.

வாங்கும்போது பென்சிலின் சீவாத முனையைப் பாருங்கள். கரித்தண்டு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், கட்டரில் எப்படிச் சீவினாலும் ஒரு பக்கத்து மரம் கூர் வரைக்கும் ஏறி நின்று தாளைக் கீறும். சீமெந்துத் தரையில் விழுந்த பென்சிலின் உட்தண்டு பல இடங்களில் முறிந்திருக்கும். சீவச் சீவக் கூர் கழன்று விழுவதற்கு மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆரம்பப் பிரிவு வகுப்பறையில் இதை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள்.

ஒத்துப்போகும் சோடி கிடைத்துவிட்டால் ஒரு டசின் பென்சிலும் சில கொப்பிகளும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட நாட்டில் இருக்கிறோம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அதே தாள் அதே உறைக்குள் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புதிய கொப்பி வாங்கும் ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கச் சோதனையைச் செய்யுங்கள்.

கம்பி துருவேறுவது கடற்காற்றால் வருவது. இனி வாங்கும்போது கம்பி அடித்த கொப்பிக்குப் பதிலாக, நூலால் தைத்து மட்டை போட்ட சீ.ஆர். கொப்பியைத் தெரிவு செய்யுங்கள்; சுருள்கம்பி போட்டவையும் நமது ஊரில் நெடுநாள் நிற்பதில்லை. கையிலிருக்கும் பழைய கொப்பிகளை நீங்களே தைத்துவிடலாம். முதலில் துருவேறிய கம்பியின் கால்களை நிமிர்த்தி, இழுக்காமல் மெல்லக் கழற்றுங்கள். தாள்களை ஒழுங்காக அடுக்கி, நடு மடிப்பில் ஒன்றும் அதற்கு மேலும் கீழும் ஒவ்வொன்றுமாக மூன்று துளைகளை ஊசியால் இடுங்கள். பருத்தி நூலை நடுத்துளையின் உள்ளிருந்து வெளியே எடுத்து, மேல்துளையால் உள்ளே கொண்டுவந்து, உட்பக்கமாகவே நீட்டிக் கீழ்த்துளையால் வெளியேற்றி, மறுபடி நடுத்துளையால் உள்ளே இழுங்கள். உள்ளே ஓடும் நீண்ட தையலின் இரு பக்கத்திலும் நூலின் முனைகள் வரும்படி வைத்து, அதன் மேல் இறுக்கி முடிச்சிடுங்கள். துருப்பட்ட இடத்தில் தாள் இற்றுப்போயிருந்தால், அந்தத் துளைகளைத் தவிர்த்து விரலளவு தள்ளிப் புதிய துளைகளை இட வேண்டும்.