சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் எத்தனை கிலோமீட்டர்? ஏன் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்?

கணக்குப்படி சுமார் 15,350 கிலோமீட்டர். ஆனால் நான் நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, இறங்கும் நேரத்தில் எனக்கு முன்னாலிருந்த திரை பதினாறாயிரத்துக்கு மேல் காட்டியது. இரண்டுமே சரிதான்.

9,537 என்றும் 8,288 என்றும்கூடப் பார்த்திருப்பீர்கள். முதலாவது சாதாரண மைல், அடுத்தது கடல் மைல் (1.852 கி.மீ.). விமானிகள் புழங்குவது கடல் மைலைத்தான். அளவுகோல்தான் வேறு, தூரம் அதேதான்.

அந்த 15,350-ஐ நீங்களே போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் இருப்பது கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74 பாகை. கூட்டினால் 178. 180 வந்திருந்தால் இரண்டும் இருக்கும் வடக்கு-தெற்குக் கோடுகள் ஒன்றுக்கு ஒன்று நேர் முதுகுப் பக்கம். ஆகவே இருப்பதிலேயே குறுக்கு வழி, நேரே மேலே ஏறி வட துருவத்தை ஒட்டிப் போய் அந்தப் பக்கம் இறங்குவது. துருவம் இருப்பது வடக்கே 90 பாகையில், சிங்கப்பூர் 1.4, நியூயார்க் 40.6. ஆக, துருவம் வரை ஏற 88.6 பாகை, அங்கிருந்து இறங்க 49.4, மொத்தம் 138. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்குங்கள்: 15,318. வீட்டுச் சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் இது வரவே வராது. ஒரு பூமி உருண்டையும் கொஞ்சம் நூலும் வேண்டும்.

சரி, விமானம் ஏன் அப்படிப் போவதில்லை? காற்றுதான் காரணம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் ஜெட் காற்று முதுகில் தள்ளினால், ஆயிரம் கிலோமீட்டர் சுற்றினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். அதனால் போகும்போது பெரும்பாலும் ஜப்பான் பக்கமாகப் பசிபிக் வழி. திரும்பும்போது பல நாட்களில் அட்லாண்டிக் வழி. இரண்டுமே கிழக்கு நோக்கித்தான்! எனக்கும் அப்படியே அமைந்தது. போய் வந்ததில் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியாயிற்று. அக்கா நம்பவில்லை.

இந்தத் தூரத்தை நிற்காமல் பறப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இல் நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தை நியூயார்க்கை ஒட்டி நியூ ஜெர்சியில் இருக்கும் நெவார்க்குக்கு விட்டது; எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்திவிட்டது. 2018 அக்டோபரில் இரண்டு எஞ்சின் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) வந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. டேங்கில் 1,65,000 லிட்டர் வரை கொள்ளும். எடையைக் குறைக்க இருக்கைகள் 161 மட்டுமே. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலையைப் பார்த்ததும் எனக்குக் காரணம் புரிந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை: நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பி, 'மறுநாள்' விடியும் முன்பே இறங்கினோம். ஆனால் நடுவில் ஒரு முழுப் பகல் ஜன்னல் வழியே வந்து போனது. பசிபிக் நடுவே இருக்கும் சர்வதேசத் தேதிக்கோடு செய்கிற வேலை; கிழக்கே போகையில் அதைத் தாண்டினால் தேதி ஒரு நாள் பின்னுக்குப் போகும்.

மைலேஜ் புள்ளிக்காகக் கேட்டிருந்தால் 15,350-ஐ வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பதற்காகக் கேட்டிருந்தால் கிலோமீட்டரை விடுங்கள். பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாது என்றே வைத்துக்கொண்டு, கனமான சாக்ஸ் எடுத்துப் போங்கள்.