கேள்வி பதில்: மீடியா நிறுவனத்தில் கிளையன்ட் புரோகிராம் வேலை

நாளிதழ், எஃப்எம், யூடியூப் மூன்றும் வைத்திருக்கும் ஒரு சென்னை நிறுவனத்தில், விளம்பரம் தரும் கிளையன்ட்டுகளுக்கென்று தனியாக நிகழ்ச்சி திட்டமிட்டு நடத்தும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கோலப் போட்டி, சமையல் போட்டி, வீட்டுமனைக் கண்காட்சி, காசு வாங்கிப் போடும் ஸ்பான்சர் பக்கம், எஃப்எம் ஆர்ஜே பேச்சோடு பேச்சாகப் பிராண்ட் பெயரைச் சொல்லும் ஆர்ஜே மென்ஷன் எல்லாம் எங்கள் மேஜைக்குத்தான் வரும். சட்டம், வரி பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், ஆனால் பணம் போடும் முன் உங்கள் ஆடிட்டரையும் கேட்டுவிடுங்கள். கேளுங்கள்.

மதுரை, விஸ்காம் மாணவர்: அக்கா, இது சேல்ஸ் வேலையா, கிரியேட்டிவ் வேலையா?

இரண்டும்தான் தம்பி, ஆனால் பாதி நேரம் கல்யாண வீட்டு மேனேஜர் வேலை. ரேட் கார்டில், அதாவது விளம்பர விலைப் பட்டியலில், இருக்கும் இடத்தை விற்பது சேல்ஸ். கிளையன்ட் "அரைப் பக்கம் வேண்டாம், வேற ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லும்போதுதான் எங்கள் வேலை ஆரம்பிக்கிறது. ஒரு மசாலா கம்பெனி பொங்கலுக்கு ஐந்து ஊரில் கோலப் போட்டி கேட்கிறது என்று வையுங்கள். தெருவா, பள்ளி மைதானமா, யாரிடம் அனுமதி, நடுவர் யார், கோலப்பொடி நாம் கொடுப்பதா அவர்களே கொண்டுவருவதா, காலையில் ஆறு மணிக்கே வந்து உட்காரும் பெண்களுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் உண்டா, முன்னால் எத்தனை விளம்பரம், மறுநாள் படம் போடுவது எல்லா எடிஷனிலுமா அந்த ஊர் எடிஷனில் மட்டுமா. கடைசியில் சொன்னதுதான் பெரிய சண்டையாக வரும். கிளையன்ட் தமிழ்நாடு முழுக்க வரும் என்று நினைத்திருப்பார், சேல்ஸ் பையன் தலையை ஆட்டியிருப்பான். அதனால் எதைக் கொடுக்கிறோம், எதைக் கொடுக்கவில்லை, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். இன்றைக்கு இதைப் பல தடவை சொல்லப்போகிறேன்.

வேலூர்: சம்பளம் எவ்வளவு வரும்?

ஊரையும் நிறுவனத்தையும் பொறுத்தது. அடுத்தது.

திருப்பூர், ஜவுளிக்கடை: 2,000 ரூபாய்க்கு மேல் துணி எடுத்தால் கூப்பன், தீபாவளிக்குக் குலுக்கலில் ஸ்கூட்டர். உங்களைப் போன்ற பேப்பர் சேர்ந்து நடத்துமா?

நடத்தாது, நீங்களும் நடத்தாதீர்கள். பொருள் வாங்கியவர்களுக்குக் குலுக்கலில் பரிசு என்பதைத் தடுக்கவே தமிழ்நாட்டில் 1979-லிருந்து பரிசுத் திட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. அகில இந்திய பிராண்டுகளின் போட்டி விளம்பரத்தில் அடியில் பொடி எழுத்தில் "தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது" என்று பார்த்திருப்பீர்களே, அது இதனால்தான். பக்கத்துக் கடைக்காரர் நடத்துகிறாரே என்று கேட்காதீர்கள், அது அவர் பாடு.

செய்யக்கூடியது: பில்லோடு முடிச்சுப் போடாத, திறமைக்கான போட்டி. கோலம், சமையல், கடைக்கு ஒரு வாசகம் எழுதுவது, எதுவாக இருந்தாலும் நடுவர் வைத்து மதிப்பெண் போட்டு, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் வரி. பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் பிடிப்பதுதான் எங்கள் வழக்கம். ரொக்கமாக இல்லாமல் பொருளாகக் கொடுத்தால், கையில் கொடுக்கும் முன்பே வரி கட்டியாக வேண்டும். ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டருக்கு 30,000. மேடையில் சாவி வாங்கிப் போட்டோ எடுத்த பிறகு ஜெயித்த அம்மாவிடம் போய் இதைச் சொன்னால் உங்கள் கடைப் பெயர்தான் கெடும். அந்தத் தொகையை யார் கட்டுவது என்று விதிமுறையிலேயே எழுதிவிடுங்கள்.

சேலம்: எம்பிஏ இருந்தால்தான் எடுப்பார்களா?

இல்லை. எக்செல் தெரிய வேண்டும், ஃபோனை எடுக்க வேண்டும்.

சென்னை, சித்த மருத்துவ நிலையம்: சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும் என்று அரை மணி நேர ஸ்பான்சர் நிகழ்ச்சி...

முடியாது. குணமாகும் என்று விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியல் 1954 மருந்து, மாய நிவாரணச் சட்டத்தில் உண்டு, அதிலேயே சர்க்கரை நோய் இருக்கிறது.

சென்னை, வீட்டுமனை நிறுவனம்: ஸ்பான்சர் பக்கத்தின் தலையில் "விளம்பரம்" என்று போட்டால் யாரும் படிப்பதில்லை. கீழே சின்னதாகப் போடச் சொன்னால் மீடியாக்காரர்கள் சண்டைக்கு வருகிறீர்கள். காசு நாங்கள்தானே கொடுக்கிறோம்?

காசு கொடுப்பது இடத்துக்கு சார், பேப்பர் பெயருக்கு இல்லை. செய்தி வேறு, விளம்பரம் வேறு என்று வாசகருக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது பிரஸ் கவுன்சில் நெறிமுறை. உள்ளே எழுதியது தவறான தகவல் என்றால் 2019 நுகர்வோர் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம். உங்கள் தொழிலில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் விளம்பரத்தில் இருந்தாக வேண்டும், அதையும் பாதிப் பேர் கடைசி நிமிடத்தில் தேடுகிறீர்கள். படிப்பதில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டா, வில்லங்கம், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எப்படிச் சரிபார்ப்பது என்று உருப்படியாக எழுதிய பக்கங்களுக்கு, தலையில் "விளம்பரம்" இருந்தும், ஃபோன் வந்துகொண்டேதான் இருந்தது. உங்கள் சேர்மன் படத்தைக் கால் பக்கத்துக்குப் போட்டால் என்ன தலைப்பு வைத்தாலும் வராது.

ஒரு நிருபர்: நல்லாத்தான் பேசுறீங்க மேடம். அந்தப் பக்கத்தை எழுதுவது யார்? எங்களைத்தானே அனுப்புகிறார்கள். நாளைக்கு அதே பில்டர் மேல் புகார் வந்தால் நான் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

நியாயமான கேள்வி. நிருபரை அனுப்பவே கூடாது. நாங்கள் வெளியிலிருந்து எழுதுபவர்களை வைத்துக்கொள்கிறோம், அவர்களுக்குச் செய்திப் பிரிவோடு சம்பந்தம் இல்லை. எல்லா இடத்திலும் அப்படியா என்றால் இல்லை, சின்ன ஊர் எடிஷன்களில் நிருபரே விளம்பரமும் பிடிக்க வேண்டிய நிலைமை இருக்கிறது. அது எங்கள் தொழிலின் அசிங்கம்.

மறுபடி வீட்டுமனை நிறுவனம்: நிருபர் சார் சம்பளமே எங்கள் விளம்பரத்தில்தான் வருகிறது.

மறுபடி நிருபர்: அப்போ செய்தியையும் நீங்களே எழுதிக்கோங்க.

இரண்டு பேரும் நிறுத்துங்கள். பேப்பர் விற்கும் காசு மட்டும் போதாது, விளம்பரம் இல்லாமல் எந்த நாளிதழும் ஓடாது, அது உண்மை. ஆனால் பில்டர் சார், நீங்களே ஒரு நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போடலாமே, எங்களிடம் ஏன் வருகிறீர்கள்? உங்கள் மேல் புகார் வந்தால் போடும் பேப்பர் என்று வாசகர் நம்புவதால்தான். அந்தப் புகாரை அமுக்கச் சொல்லிப் பேக்கேஜில் ஒரு வரி சேர்க்கச் சொன்ன கிளையன்ட்டும் உண்டு. "அந்த வரியை ஈமெயிலில் அனுப்புங்க" என்றேன், அனுப்பவில்லை. எழுத்தில் கேட்டாலே பாதி விஷயம் தானாக ஓடிவிடும்.

கோவை, எஃப்எம் ஆர்ஜே: பிராண்ட் ஒன்று 30,000 ரூபாய் ஃபோன் அனுப்பியது. வரி உண்டா?

நீங்களே வைத்துக்கொண்டால் உண்டு. ஒரே ஆளிடமிருந்து வருஷத்தில் 20,000 தாண்டினால் 10 சதவீதம் பிடித்தம், 2022 ஜூலையிலிருந்து. ரிவ்யூ செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் இல்லை. இலவசமாக வந்தது என்று வீடியோவில் சொல்லிவிடுங்கள்.

ஈரோடு: எம்பிஏ படிக்காமல் இந்த வேலைக்கு...

மேலே இருக்கிறது.

சென்னை, ஏஜென்சி: போட்டிக்கு வந்தவர்களின் ஃபோன் நம்பரைக் கிளையன்ட் கேட்கிறார். கொடுக்கலாமா?

படிவத்தில் அதற்கென்று தனியாகச் சம்மதம் வாங்கியிருந்தால் கொடுக்கலாம். கோலம் போட வந்தவர் கடன் கம்பெனி அழைப்புக்குச் சம்மதித்ததாக ஆகாது, 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எந்தக் காரணத்துக்கு என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கச் சொல்கிறது. எத்தனை நம்பர் தருவோம் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஓசூர்: பேப்பர், யூடியூப், ஈவென்ட் மூன்றும் ஒரே பேக்கேஜ். ஜிஎஸ்டி?

அச்சு இடத்துக்கு 5, மற்றதற்கு 18 சதவீதம். பில்லில் எப்படிப் பிரிப்பது என்பது ஆடிட்டர் வேலை.

நாமக்கல்: அக்கா, எம்பிஏ...

தம்பி!

திருச்சி, ஈவென்ட் நடத்துபவர்: கூட்டம் குறைவு என்று கிளையன்ட் பாதிப் பணத்தை நிறுத்திவிட்டார். என்ன செய்யலாம்?

ரிலீஸ் ஆர்டரில், அதாவது கிளையன்ட் எழுத்தில் கொடுத்த ஆர்டரில், கூட்டத்துக்கு எண்ணிக்கை போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் கொடுப்பதாகச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் படம், வெளியான பக்கம், மென்ஷன் ஓடிய நேரம் எல்லாம் சேர்த்துப் பில்லோடு அனுப்புங்கள். மார்க்கெட்டிங் ஆளுக்கு மட்டும் அனுப்பாதீர்கள், அவர்களுடைய அக்கவுன்ட்ஸுக்கும் போகட்டும். எண்ணிக்கை போட்டிருந்து அது வரவில்லை என்றால், பணமாகக் குறைக்காமல் இன்னொரு பக்கம் போட்டுத் தருகிறேன் என்று பேசிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அடுத்த தடவை பேக்டிராப் (மேடைப் பின்னணி பேனர்) பிரின்டுக்குப் போகும் முன் பாதிப் பணம் கைக்கு வந்திருக்கட்டும்.