அந்த நாட்களில் சிரித்தது தப்பா?

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் வளர்ந்தவன் நான். 2020 ஊரடங்கு என்றாலே எல்லோரும் கொடுமை என்கிறார்கள். எனக்கு அது சந்தோஷமான காலம். பாரிமுனையில் கடை வேலை பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வருகிற அப்பா பகலெல்லாம் வீட்டில் இருந்தார். மாடியில் கேரம், காத்தாடி, அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அப்போதுதான் கீழ்வீட்டுத் தாத்தா கொரோனாவில் போனார், முகம்கூடப் பார்க்க முடியவில்லை. 'அது நல்ல காலம்டா' என்று சமீபத்தில் சொன்னதற்கு நண்பன் ஒருவன் எழுந்தே போய்விட்டான். நான் நினைப்பது தப்பா? பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

தப்பில்லை. தாத்தாவுக்காக அழுததும் அப்பாவோடு கேரம் ஆடியதும் ஒரே வாரத்தில் நடந்திருக்கலாம், ஒன்றை வைத்து இன்னொன்றைப் பொய்யாக்க வேண்டியதில்லை. நான் அப்போது ராயபுரத்தில் இருந்தேன். சென்னையிலேயே தொற்று அதிகமான மண்டலம் என்று தினமும் டிவியில் எங்கள் பேரைத்தான் படிப்பார்கள், தெருமுனையில் தகரம் அடித்திருந்தது, அந்தத் தகரத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள் மாடிவிட்டு மாடி குழம்புக் கிண்ணம் கைமாற்றிக்கொண்டு வம்பு பேசிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். வீடுகள் அவ்வளவு நெருக்கம், அதற்காக ஊர் எங்களைத் திட்டியது, அந்த நெருக்கம்தான் எங்களுக்குச் சோறும் போட்டது. (காத்தாடிக்கு மாஞ்சா போட்டீர்களா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.)

ஆனால் 'நல்ல காலம்' என்று காலத்துக்கு நன்றி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தினமும் நன்றி சொல்ல மூன்று விஷயங்களை நோட்டில் எழுதுங்கள் என்று அப்போது வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்குமே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் நோட்டை எங்கே வைத்து எழுதுவது? நன்றி என்றால் அது ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும். காலையில் கதவைத் தட்டி 'காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா' என்று கேட்டுவிட்டுப் போன மாநகராட்சிப் பெண்ணை, வெறும் துணி மாஸ்க்கோடு குப்பை அள்ளியவர்களை, ஜூன் 19 முதல் 30 வரை ஊரே மறுபடி இறுக்கிப் பூட்டப்பட்டபோதும் அம்மா உணவகத்தில் இட்லி அவித்துக்கொண்டிருந்த அக்காக்களை நினைத்துப் பாருங்கள். நாம் மாடியில் உட்கார்ந்திருக்க முடிந்தது அவர்கள் கீழே நடமாடியதால்.

காசிமேட்டைப் பாருங்கள். வழக்கமாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த வருஷம் ஊரடங்கு மார்ச் 25-லேயே வந்துவிட்டதால் தடைக்கு முன்னால் நாலு காசு சேர்த்து வைக்கிற வாரங்களும் போயின. தடைக்காலத்தை மே 31-ஓடு முடித்தார்கள் என்றாலும் அதற்குள் எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கும். ஜூனில் மறுபடி நெத்தி­லி வாங்கி வறுத்தபோது எங்கள் வீட்டில் திருவிழாதான், நான் மறைக்கவில்லை. அதைப் பிடித்து வந்தவர் வீட்டிலும் அப்படி இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

உங்கள் வீட்டுக்கும் இதே கேள்விதான். கடை மூடியிருந்த மாதங்களில் அப்பாவுக்குச் சம்பளம் வந்ததா? வராமல், கடன் வாங்கி, அதைக் காட்டிக்கொள்ளாமல்தான் உங்களோடு கேரம் ஆடினாரா? அம்மா சிரித்தார் என்கிறீர்கள், சந்தோஷம். எல்லோரும் வீட்டிலேயே இருந்தால் மூன்று வேளைச் சமையல், அத்தனை பாத்திரம், அடிபம்பில் அத்தனை குடம். அதில் நீங்கள் எத்தனை அடித்தீர்கள்? குற்றம் சொல்லவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். தெரிந்த பிறகும் அது சந்தோஷமான காலமாகவே இருக்கலாம்.

அப்புறம் எழுந்து போன அந்த நண்பன். அவனுக்குப் போன் போடுங்கள். அப்போது அவன் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள், அவன் சொல்லி முடிக்கும்வரை நடுவில் உங்கள் கதையைக் கொண்டுவராதீர்கள்.

அன்புடன்,
அக்கா