பி2 ஆங்கிலப் பரீட்சையும் ரியூசனும்: சூரிச்சுக்குப் புதிதாக வந்த தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

கொழும்பிலிருந்து வந்து சில மாதங்களே ஆன நிலையில், பதினான்கு வயது மகளைக் கேம்பிரிட்ஜின் 'பி2 ஃபர்ஸ்ட் ஃபோர் ஸ்கூல்ஸ்' என்ற, பாடசாலைப் பிள்ளைகளுக்கான மேல் இடைநிலை ஆங்கிலப் பரீட்சைக்கு எந்த ரியூசனுக்கு அனுப்பலாம், எந்தப் புத்தகம் வாங்கலாம், கட்டணம் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். கட்டணத்தையும் திகதியையும் பரீட்சை நிலையத்தில் விசாரியுங்கள். புத்தகத்துக்கு, கேம்பிரிட்ஜ் வெளியிட்ட மாதிரி வினாத்தாள் தொகுப்பு ஒன்று போதும். ரியூசனைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஊரில் நாம் கட்டுரைகளை மனனம் செய்தே சித்தியடைந்தோம். அதே வழக்கத்தை இங்கேயும் நடத்துகின்ற நம்மவர்கள் இருக்கிறார்கள். அப்படியொரு வகுப்புக்குப் போன பையனின் கொப்பியைப் பார்த்தேன். சுற்றுச்சூழல், இணையம், விளையாட்டு என்று தலைப்புக்கொரு கட்டுரை, ஒவ்வொன்றின் முதல் வரியும் சிவப்பு மையால் அடிக்கோடிடப்பட்டிருந்தது. இந்தப் பரீட்சையின் எழுத்துத் தாளில் முதல் வினா கட்டாயக் கட்டுரை. 140 முதல் 190 சொற்கள். தலைப்போடு இரண்டு குறிப்புகளை அவர்களே தருவார்கள், மூன்றாவது கருத்தைப் பிள்ளை சொந்தமாக யோசித்துச் சேர்க்க வேண்டும். மாணவர்கள் பாடசாலைக்கு நடந்து வர வேண்டுமா என்று கேட்டிருக்க, காடழிப்பைப் பற்றி அழகாக எழுதி வைத்தால் உள்ளடக்கத்துக்குரிய புள்ளி எப்படிக் கிடைக்கும்?

பேச்சுப் பரீட்சையில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு மாணவர்கள் சோடியாக அமர்வார்கள். ஒரு பரீட்சகர் கேள்வி கேட்பார், மற்றவர் வாய் திறக்காமல் புள்ளியிடுவார். மொத்தம் 14 நிமிடங்கள். படங்களை ஒப்பிட்டு ஒரு நிமிடம் தனியாகப் பேசிய பின், நடுவில் ஒரு கேள்வியும் சுற்றிவரச் சில குறிப்புகளும் உள்ள தாளைக் கொடுத்து இருவரையும் தமக்குள் கலந்து பேசச் சொல்வார்கள். அங்கே மற்றப் பிள்ளை சொன்னதைக் காதில் வாங்கி, அதற்கு இசைந்தோ மறுத்தோ பேச வேண்டும். முப்பது பிள்ளைகளை வரிசையாக இருத்தி மாஸ்டர் மட்டும் பேசுகின்ற வகுப்பில் இது எப்படி வரும்? மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியை வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, இருவரையும் ஆங்கிலத்தில் வாதாட விடுங்கள்.

பயிற்சித் தாள்களால் உண்மையிலேயே பயன் கிடைப்பது வாசிப்பும் மொழிப் பயன்பாடும் சேர்ந்த தாளில்தான்: 75 நிமிடங்களில் 52 வினாக்கள், மொத்தப் பெறுபேற்றில் நாற்பது வீதம். தரப்பட்ட சொல்லை மாற்றாமல் சேர்த்து, இரண்டு முதல் ஐந்து சொற்களால் இடைவெளியை நிரப்பி, அதே பொருளில் வாக்கியத்தைத் திருப்பி எழுதும் பகுதியில் நம் பிள்ளைகள் அவசரப்பட்டு அந்தச் சொல்லின் வடிவத்தையே மாற்றிவிடுகிறார்கள். கேட்டல் தாளில் ஒவ்வொரு ஒலிப்பதிவும் இருமுறை ஒலிக்கும் என்பதால் அதைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை.

எதற்காக இவ்வளவு அவசரம் என்றும் கேட்கத் தோன்றுகிறது. இந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கேம்பிரிட்ஜின் புள்ளி அளவுகோலில் 160 எடுத்தால் சித்தி. 140 முதல் 159 வரை எடுத்தாலும், ஒரு படி கீழான பி1 தரச் சான்றிதழ் தருவார்கள். ஆனால் சூரிச் மாநிலத்தில் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் பாடசாலையான கிம்னாசியத்துக்குரிய நுழைவுப் பரீட்சை டொச்சிலும் (ஜெர்மன் மொழி) கணிதத்திலும் நடக்கிறது. ஆங்கிலச் சான்றிதழைக் காட்டி அந்தக் கதவைத் திறக்க முடியாது. உயர்தரத்தில் ஆங்கிலம் நன்றாகப் படித்த நான் தொண்ணூறுகளில் இங்கு வந்தபோது, முதியோர் இல்லச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலைதான் கிடைத்தது. மேற்பார்வையாளர் அம்மாவிடம் நான் ஆங்கிலத்தில் பேசினால் அவர் டொச்சில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இரவு வகுப்புக்குப் போய் டொச் படித்த பிறகே அதே இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக முடிந்தது. நம்மவர் கொண்டாட்டங்களில் பிள்ளையின் ஆங்கிலச் சான்றிதழைக் கைப்பேசியில் காட்டிப் பெருமை பேசுபவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்தப் பிள்ளையின் டொச் புள்ளியைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஆகவே ரியூசனுக்கென்று ஒதுக்கிய பணத்தை இப்போதைக்கு வைத்திருங்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே தனியான டொச் வகுப்பு உண்டு. மகள் அதில் சேர்க்கப்பட்டாளா என்று இந்த வாரமே வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். ஒரு முழு மாதிரி வினாத்தாளை நேரம் வைத்துச் செய்வித்துப் பார்த்த பிறகு பரீட்சைக்குப் பதியலாம்.