கத்தியைத் தீட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு: கேள்வி பதில்

நாகர்கோவிலில் 17 ஆண்டுகளாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். பெரிய காரியம் ஒன்றைத் தொடங்க முடியாமல் தவிப்பவர்களும், தொடங்கியதைத் தாங்களே கெடுத்துக்கொள்பவர்களும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் டாக்டர் அல்ல, மருந்து எழுத முடியாது. "ஊக்கம் வர என்ன செய்வது" என்ற கேள்விக்கு ஒரு முறைதான் பதில் சொல்வேன்.

கேள்வி (தக்கலை): அக்கா, குரூப் 4 தேர்வை மூன்று முறை எழுதிவிட்டேன். முதல் இரண்டு மாதம் நன்றாகப் படிக்கிறேன். மாதிரித் தேர்வு தொடங்கும் நேரத்தில் ஏதாவது வந்துவிடுகிறது. போன முறை தேர்வுக்கு முந்தைய இரவு சித்தி மகள் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். நான் சோம்பேறியா?

பதில்: சோம்பேறி பந்தி பரிமாற மாட்டான், தம்பி.

1978இல் எட்வர்ட் ஜோன்ஸ், ஸ்டீவன் பெர்க்லாஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சில மாணவர்களுக்கு விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்தார்கள். குருட்டாம்போக்கில் எழுதியவர்களிடம் "பிரமாதம்" என்றார்கள். அடுத்த தேர்வுக்கு முன் இரண்டு மருந்துகளைக் காட்டி, ஒன்று மூளையைக் கூர்மையாக்கும், மற்றது மந்தமாக்கும் என்றார்கள். எதற்காகப் பாராட்டினார்கள் என்று புரியாத அந்த மாணவர்களில், குறிப்பாக ஆண்களில், பலர் மந்தமாக்கும் மருந்தையே தேர்ந்தெடுத்தார்கள். தோற்றால் பழி மருந்தின் மேல் போகும், வென்றால் பெருமை இரட்டிப்பு.

உங்களுக்கு அந்த மருந்து சித்தி மகள் கல்யாணம். தேறாவிட்டால் "படிக்க நேரமில்லை" என்று சொல்லலாம். "படித்தும் வரவில்லை" என்று சொல்ல நேர்வதுதான் உங்களுக்குப் பயம். மாதிரித் தேர்வில் ஒரு எண் கையில் வந்துவிடும், அதனால்தான் சரியாக அந்த இடத்தில் கழன்றுகொள்கிறீர்கள். இன்று இரவு பழைய வினாத்தாள் ஒன்றை எடுங்கள். 200 கேள்வியும் வேண்டாம், திறனறிவுக் கேள்விகள் 25 மட்டும். மதிப்பெண்ணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 9 வந்தால் 9 என்றே எழுதுங்கள். முதலில் அந்த எண்ணோடு ஒரே அறையில் தூங்கப் பழகவேண்டும்.

ஒரு எச்சரிக்கை: வண்ணப் பேனாவில் அட்டவணை போடாதீர்கள். அட்டவணை போட்ட களைப்பிலேயே தூங்கிப்போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி (நாகர்கோவில்): மேடம், எனக்கு ஊக்கமே வருவதில்லை. எப்படி வரவழைப்பது?

பதில்: அந்த ஒரு முறை இதுதான். ஊக்கம் பெரும்பாலும் வேலைக்குப் பின்னால்தான் வரும். என் அப்பா குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நான்கு மணிக்குப் போய்விடுவார். விடியும்முன் பட்டைக்குள் பாலின் அழுத்தம் அதிகம், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். முதலில் முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைக் கையால் உரிப்பார். பிறகு ஒரு மெல்லிய சீவல். வெள்ளைக் கோடு இறங்கிச் சிரட்டையில் விழும். தினமும் போனார். மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

கேள்வி (குலசேகரம்): மேடம், நான் 22 வருடமாகப் பால் வெட்டுகிறேன். தினமும் வெட்டினால் மரம் பாழாகிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டவேண்டும். இல்லையென்றால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். உங்கள் அப்பாவும் அப்படித்தான் வெட்டியிருப்பார். மனிதனுக்கு மட்டும் ஏன் ஓய்வு கிடையாது என்கிறீர்கள்?

பதில்: அண்ணா, அப்பா தினமும் போனார் என்றுதான் சொன்னேன். தோட்டத்தை இரண்டாகப் பிரித்து இன்று இந்தப் பாதி, நாளை அந்தப் பாதி. ஆனால் மரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன்.

கேள்வி (மார்த்தாண்டம்): தேன் தொழில் செய்கிறேன். சொந்தப் பெயரில் பாட்டிலில் விற்க ஆசை. நான்கு வருடமாக லேபிள் வடிவமைப்பு சரியாக அமையவில்லை. கடன் எங்கே கிடைக்கும்?

பதில்: கடனுக்கு மாவட்டத் தொழில் மையம். விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு. லேபிள் கதையை மட்டும் என்னிடம் விடுங்கள். ரப்பர் இலையுதிர்த்துத் துளிர்க்கும் சில வாரங்களில்தான் உங்கள் பெட்டிகள் நிறையும். அதைத் தவறவிட்டால் மறு வருடம். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, உங்கள் பாட்டிலுக்கு இன்னும் எழுத்துரு கிடைக்கவில்லை. வெள்ளைத் தாளில் கையால் பெயர் எழுதி, தெரிந்த பத்து வீட்டுக்கு விற்றுப் பாருங்கள். "இவன் தேன் சுமார்தான்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தை அந்த லேபிள் நான்கு வருடமாக மூடிவைத்திருக்கிறது.

கேள்வி (குளச்சல்): பால் வெட்டும் அண்ணன் சொல்வதுதான் சரி. நாங்கள் வெளிநாட்டில் வேலை பார்த்து நொந்து வந்தவர்கள். ஓய்வு எடுத்தால் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்கிறீர்கள்.

கேள்வி (அருமனை): ஓய்வு ஓய்வு என்று சொல்லித்தான் என் மகன் இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறான். மேடம் சொன்னதே சரி.

கேள்வி (குலசேகரம், அதே அண்ணன்): மழை பெய்தால் என்ன செய்வது? வெட்டில் தண்ணீர் இறங்கினால் பால் முழுக்கக் கழுவிப்போகும். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. அந்த நாளில் வீட்டில் இருப்பவனும் சோம்பேறியா?

பதில்: மூன்று பேருக்கும் சேர்த்து. நீங்கள் சண்டை போட்டதில்தான் எனக்கே விஷயம் தெளிவாகிறது.

எந்த மரத்துக்கு நாளை ஓய்வு என்பது நேற்றே முடிவானது. விடியற்காலை நான்கு மணிக்குப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு முடிவெடுப்பதில்லை. அண்ணா, மழைக்காலத்துக்கு வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டுகிறீர்களே, அதையும் மழை வரும் முன்பே கட்டிவிடுகிறீர்கள். முன்கூட்டிக் குறித்த ஓய்வு ஓய்வுதான், குளச்சல்காரர் தாராளமாக எடுக்கட்டும், திரும்பும் தேதியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு. வேலை கண்முன் வந்து நிற்கும்போது எடுக்கும் ஓய்வைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

அருமனை அம்மா, உங்கள் மகன் விஷயம் இதில் சேராது. தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாம் குறைந்திருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அறிவுரை வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வர மறுத்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு நீங்களே பேசுங்கள், கட்டணம் இல்லை.

கேள்வி (தோவாளை): 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடுமாமே? நான் 19ஆம் நாள் விட்டுவிட்டேன். மறுபடி ஒன்றிலிருந்தா?

பதில்: இல்லை, மக்களே. முகம் மாற்றிக்கொண்ட நோயாளிகள் அதற்குப் பழகக் குறைந்தது 21 நாளாகிறது என்று 1960இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதுதான் இப்படித் திரிந்துபோனது. லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. 18 முதல் 254 வரை ஆளுக்கு ஆள் வித்தியாசம். நடுவே ஒரு நாள் விட்டதால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதில்தான் தெரிந்தது. நாளை 20ஆம் நாள்.

கேள்வி (கொட்டாரம்): உந்துதல் வருவதற்கு எந்தக் காணொளி பார்க்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம்.

கேள்வி (திங்கள்சந்தை): ஊக்கம் வர என்ன செய்வது, மேடம்?

பதில்: மேலே ரப்பர் மரம். வண்ணப் பேனாவும் வேண்டாம்.

கேள்வி (குலசேகரம்): நான்தான் மறுபடியும். சண்டைக்கு இல்லை. பத்தாம் வகுப்பு பாதியில் நின்றவன். தனித்தேர்வராக எழுதவேண்டும் என்று ஏழு வருடமாக நினைக்கிறேன். புத்தகமும் வாங்கி வைத்திருக்கிறேன். மகள் பன்னிரண்டு முடித்துவிட்டாள். நேரம்தான் இல்லை.

பதில்: அண்ணா, கடைசி மரத்தை வெட்டி முடித்த பிறகு, பால் ஒழுகித் தீரும்வரை என்ன செய்வீர்கள்?

கேள்வி (குலசேகரம்): சும்மா உட்கார்ந்திருப்பேன். இரண்டு மணி நேரம் ஆகும். பீடி குடிப்பேன்.

பதில்: பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நெடுங்காலமாகச் சொல்வது இது: "படிக்கவேண்டும்" என்று நினைப்பவனைவிட, "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று இடத்தோடும் நேரத்தோடும் கட்டிவைப்பவன் அதிகம் செய்து முடிக்கிறான். கடைசி மரத்தில் கத்தியை எடுத்ததும் கணக்குப் புத்தகம், ஒரே ஒரு பக்கம். புத்தகம் வீட்டில் இருக்கக்கூடாது, பால் வாளிக்குள் இருக்கவேண்டும்.

கேள்வி (குலசேகரம்): அந்த நேரத்தில் தோட்டத்தில் கொசு பிடுங்கிவிடும், மேடம்.

பதில்: கொசுவர்த்திச் சுருள் ஒன்றையும் வாளிக்குள் போடுங்கள். நாளைக்கு எந்தப் பாதி?

கேள்வி (குலசேகரம்): கிழக்குப் பாதி.