கரண்ட் போனா அலாரம் சைரன் முனகுது: பதில்

அனேகமா பேட்டரிதாங்க போயிருக்கு, சைரன் இல்ல. கரண்ட் இருக்கையில நல்லா அலறி, போனதும் முனகி அடங்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுவே அடையாளம். பேனலுக்குள்ள, அதாவது அலாரத்தோட கண்ட்ரோல் பெட்டிக்குள்ள, இருக்கிற 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி பொதுவா 3–5 வருஷம்தான் தாங்கும். கிருஷ்ணகிரி வெயில்ல, நீங்க சொல்ற ஷீட் கூரைக்குக் கீழ, இன்னும் சீக்கிரமே போயிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. பக்கத்து வீட்ல சொல்லிட்டு, மெயினை அணைச்சு சைரனை அடிக்கவிட்டு, பேட்டரி முனையில மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கிற கருவி) வைங்க. மளமளன்னு 11 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா மாத்திடுங்க. முனையில வெள்ளையா பூத்திருந்தா முதல்ல அதைச் சுரண்டிட்டு மறுபடி பாருங்க.

புது பேட்டரி போட்டு, ராத்திரி முழுக்க கரண்ட் இருந்தும் 13.5 வோல்ட் பக்கம் ஏறலைன்னா பேனலோட சார்ஜர்தான் கோளாறு. அதுல 230 வோல்ட் ஓடுது, நீங்க கை வைக்காதீங்க, டெக்னீஷியனைக் கூப்பிடுங்க.