போன பயணமும் போகாத பயணமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐந்து மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிறகு, 2020 ஆகஸ்ட் 21ஆம் தேதி நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் காரில் திண்டுக்கல் பக்கம் உள்ள என் பிறந்த வீட்டுக்குப் போனோம். அப்பாவுக்கு அப்போது 71 வயது. சர்க்கரை நோய் உண்டு. வரலாமா என்று தொலைபேசியில் கேட்டதற்கு அம்மா, "இது என்ன கேள்வி, வாங்க" என்றார். பத்து நாள் இருந்து திரும்பினோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. 2021 மே மாதம் அப்பா கொரோனாவில் இறந்துவிட்டார். அந்த வாரம் எங்கள் வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல். நாங்கள் போகவில்லை. "சந்தோஷத்துக்கு வந்தவள் சாவுக்கு வரவில்லை" என்று அண்ணன் இன்றும் சொல்லிக்காட்டுகிறார். போகக் கூடாதபோது போய், போக வேண்டியபோது போகாமல் இருந்துவிட்டோமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் அண்ணன் சொல்வதில் நம் ஊரின் பழைய நியாயம் ஒன்று இருக்கிறது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயே ஆக வேண்டும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகூடச் சாவு வீட்டு வாசலில் வந்து நிற்பான். தலைமுறை தலைமுறையாக நம்மைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்த அந்த வழக்கத்தைத்தான் கொள்ளை நோய் முதலில் தலைகீழாக்கியது. கூடி அழும் இடமும், கட்டிப்பிடித்துத் தேற்றும் கைகளும், வயதானவர்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கும் அறையும்தான் அந்த நோய் பரவ மிக வசதியாக இருந்தன.

2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கர்நாடகத்தில் ஏப்ரல் 27 முதலே கடைகளும் போக்குவரத்தும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. தமிழ்நாட்டில் மே 10 முதல் முழு ஊரடங்கு. ஆனாலும் நெருங்கிய உறவின் இறப்புக்குப் போவதற்கு வழி இருந்தது. காரணத்தைப் பதிவு செய்துவிட்டு மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளிச் சாவடியைத் தாண்டியிருந்தால் உங்களை யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். உங்களைத் தடுத்தது நீங்கள்தான். கணவரை இழந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவின் அருகே, நோயுற்ற அப்பாவோடு அதே வீட்டில் இருந்தவரின் அருகே, காய்ச்சலோடு மூன்று பேர் போய் அமர்வதில்லை என்று முடிவெடுத்தீர்கள். 45 வயதைக் கடந்தவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் தடுப்பூசி திறந்துவிடப்பட்டிருந்தாலும், மே மாதத்தில் ஊசி கிடைக்காமல் அலைந்தவர்கள் ஏராளம். ஊரில் இருந்த பெரியவர்கள் எத்தனை பேர் போட்டிருந்தார்களோ! பெற்ற தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் இருப்பதைவிடக் கடினமான ஒன்றை ஒரு மகளால் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதில் நான் குறை எதையும் காணவில்லை. அண்ணனிடம் வாதாட வேண்டாம். "அன்று எங்களுக்குக் காய்ச்சல், அதை அம்மா இருக்கும் வீட்டுக்குக் கொண்டு வர மனம் வரவில்லை" என்ற ஒரே வாக்கியத்தை, கோபமில்லாத ஒரு நேரத்தில், அம்மாவும் உடன் இருக்கும்போது சொல்லுங்கள். இதுவரை நீங்கள் அதைச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

குறை இருப்பதாக எனக்குத் தோன்றுவது முதல் பயணத்தில்தான். அதுவும் நீங்கள் போனதில் அன்று, கேட்ட விதத்தில். சட்டப்படி உங்கள் மேல் பிழை இல்லை. தமிழ்நாடு அரசு ஆகஸ்ட் 17 முதல், விண்ணப்பித்த எல்லோருக்கும் உடனே இ-பாஸ் கொடுக்கத் தொடங்கியிருந்தது. நீங்கள் திரும்பி வருவதற்குள், ஆகஸ்ட் 24ஆம் தேதி, கர்நாடகமும் வெளியிலிருந்து வருவோருக்கான 14 நாள் தனிமையைக் கைவிட்டுவிட்டது. ஆனால் சாவடியில் கிடைக்கும் அனுமதி நோய்க்குத் தெரியாது. தொற்றிய ஒருவர் தமக்கு இருமலோ காய்ச்சலோ வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பிறருக்கு அதைக் கொடுக்கக்கூடியவர். பிள்ளைகளுக்கோ பல நேரம் அறிகுறியே தெரிவதில்லை. கார் வாசலில் நின்றதும் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் மடியில் போய் ஏறியிருப்பார்கள். எதுவும் ஆகவில்லை என்பது உங்கள் நல்வாய்ப்பு. அதை வைத்து அந்தப் பயணத்தைச் சரி என்று சொல்ல முடியாது. ஏதாவது ஆகியிருந்தாலும் அதை வைத்து உங்களைப் பாவிகள் என்று சொல்லியிருக்கவும் முடியாது.

அம்மா சொன்ன அந்த "வாங்க" என்ற சொல்லில்தான் என் மனம் நிற்கிறது. நம் வீடுகளில் அதைத் தவிர வேறு சொல் கிடையாது. பெற்ற மகளிடம், "இப்போது வராதே, அப்பாவை நினைத்தால் பயமாக இருக்கிறது" என்று சொல்லக்கூடிய தாய் நம்மிடையே மிக அரிது. அப்படிச் சொல்லிவிட்டால் அவர் தூங்க மாட்டார். ஆகவே வரலாமா என்று அவரிடம் கேட்பது, கேட்பது போலத் தோன்றினாலும், கேள்வி ஆவதில்லை.

இதை நான் கற்றது என் அக்கா வீட்டில். அதே ஆண்டு அக்டோபரில் சேலத்தை ஒட்டிய ஒரு கிராமத்துக்கு நாங்கள் காரில் போயிருந்தோம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளின் பின்னால் மெல்ல இறங்கும்போது, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மலையைப் பார்க்கிற மகிழ்ச்சியில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அக்கா வீட்டு வாசலில் இறங்கியபோது திண்ணையில் பாய் விரித்திருந்தது. பாயின் ஓரத்தில் சொம்பும், கவிழ்த்து வைத்த நான்கு டம்ளர்களும். "உள்ளே ஒரே புழுக்கமா இருக்கு, இங்கேயே காத்தாட உக்காருங்க" என்றாள். சாப்பாடும் திண்ணைக்கே வந்தது. அவள் நிலைப்படியில் நின்றுகொண்டே பரிமாறினாள். அத்தான் உள்ளே கட்டிலில் இருந்தார். ஜன்னல் வழியாகக் கையை உயர்த்தினார். திரும்பி வரும் வழியில், கிருஷ்ணகிரியைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது: அது முற்றம் வைத்த ஓட்டு வீடு. நாற்பது ஆண்டுகளில் அந்த வீட்டுக்குள் நான் ஒரு நாளும் புழுக்கத்தை உணர்ந்ததில்லை. அத்தானுக்கு முந்தைய ஆண்டுதான் இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வராதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காற்றாட உட்காருங்கள் என்று மட்டும் வந்தது.

அவளால் சொல்ல முடியாததை நான் அவளுக்காகச் சொல்லியிருக்க வேண்டும். "அக்கா, வருவதற்கு முன் இரண்டு வாரம் யாரையும் பார்க்காமல் இருக்கிறோம், வந்தாலும் திண்ணையிலேயே உட்காருகிறோம், அத்தானுக்கு உடம்பு சற்றுக் குறைவாக இருந்தாலும் சொல், ஒரு மாதம் தள்ளிப் போடுகிறோம்" என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தால், புழுக்கம் என்ற பொய்யைச் சொல்லும் சிரமம் அவளுக்கு இருந்திருக்காது. உங்கள் அம்மாவிடம் இன்றும் கேட்கலாம். "அன்றைக்கு நாங்கள் வந்தது உங்களுக்குப் பயமாக இருந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் இல்லை என்று சொன்னாலும், நீங்கள் கேட்டது அவர் மனதில் நிற்கும்.

அந்தப் பத்து நாட்களுக்காக வருந்த வேண்டாம். தமிழ்நாட்டில் அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தளர்வில்லாத முழு ஊரடங்கு இருந்தது. ஆகஸ்ட் 23 அன்று தெருவே அடங்கிக் கிடக்க, உங்கள் அப்பா தம் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் நாள் முழுவதும் ஒரே வீட்டில் இருந்திருப்பார். அது அவருக்குக் கிடைத்ததில் எனக்கு மனமார்ந்த மகிழ்ச்சி.

கேள்வி: மறுபடி இப்படி ஒரு தொற்று வந்து, வயதான பெற்றோரைப் பெங்களூரிலிருந்து மதுரைக்குக் காரில் அழைத்துப் போகத்தான் வேண்டும் என்றால் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், ஜீவன்பீமா நகர், பெங்களூரு

பதில்: அடுத்து வரும் நோய் எந்த வழியில் பரவும் என்பதைப் பொறுத்துத்தான் எதையும் சொல்ல முடியும். கொரோனாவின்போது நாம் முதல் சில மாதங்களைக் காய்கறியையும் பால் பாக்கெட்டையும் கழுவுவதிலேயே கழித்தோம். நாம் விடும் மூச்சும் அடைபட்ட காற்றும்தான் பெரிய ஆபத்து என்பது பிறகுதான் தெளிவானது. கார் என்பது நான்கைந்து பேர் எட்டு மணி நேரம் ஒரே காற்றைச் சுவாசிக்கும் சிறிய பெட்டி. ஏசி போட்டால் உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். முன்பக்கம் ஒரு ஜன்னலையும், பின்பக்கம் அதற்கு எதிர்மூலையில் உள்ள ஜன்னலையும் நான்கு விரல் அளவு திறந்து வைத்தால் காற்று குறுக்கே ஓடும். ஒரே வீட்டில் வசிப்பவர்கள் மட்டும் ஒரு காரில் போகட்டும். "வழியில்தானே, ஓசூரில் சித்தப்பாவையும் ஏற்றிக்கொள்வோம்" என்பது அந்தக் காலத்துக்கு ஆகாது.

பரிசோதனை முடிவை மிகையாக நம்ப வேண்டாம். நேற்று தொற்றியவருக்கு இன்று எடுத்த பரிசோதனையில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கொரோனாவில் அறிகுறி தெரியவே சராசரியாக ஐந்து நாள் ஆயிற்று. கிளம்பும் அன்று ஒருவருக்குத் தொண்டை கரகரத்தாலும் பயணத்தை நிறுத்திவிடுங்கள்.

எவரும் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வழியில் கழிப்பறைக்குப் பயந்து நம் வீட்டுப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்தார்கள். பெட்ரோல் பங்க் கழிப்பறைக்குள் போகத் தயக்கம், உணவகங்கள் மூடல், நாற்கரச் சாலையிலோ ஒதுங்க மறைவில்லை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள ஒரு தாயார் 440 கிலோமீட்டரை அப்படிக் கடப்பது நோயைவிடக் குறைந்த ஆபத்து அன்று. முகக்கவசத்தோடு உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வெளியே வருவதில் பெரிய தீங்கு இல்லை. அம்மாவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, மர நிழலில் கதவைத் திறந்து வைத்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: 2020இல் ஊருக்குப் போன கார்ப் பயணத்தை என் பிள்ளைகள் தங்கள் மிகச் சிறந்த விடுமுறை என்று சொல்கிறார்கள். அதே சாலைகளில் சில மாதங்களுக்கு முன் தொழிலாளர்கள் நடந்தே போனார்களே என்ற எண்ணம் என்னை உறுத்துகிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?
– வாசகர், மல்லேசுவரம், பெங்களூரு

பதில்: சொல்லுங்கள், அவர்கள் மகிழ்ச்சியைப் பறிக்காமல் சொல்லுங்கள். மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1 அன்றுதான் புறப்பட்டன. இடைப்பட்ட ஐந்து வாரத்துக்கும் மேலான காலத்தில் கையில் காசும் கூலியும் இல்லாதவர்கள் மூட்டையோடும் பிள்ளைகளோடும் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். அவர்களும் உங்களைப் போல ஊருக்குத்தான் போனார்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

நீங்கள் குடியிருக்கும் மல்லேசுவரத்திலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். 1898இல் பெங்களூரில் பிளேக் பரவியபோது நெரிசலான பழைய பேட்டையை விட்டு மக்கள் ஓடினார்கள்; அதன் பிறகுதான் மல்லேசுவரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்களோடு வேகமாக வளர்ந்தன. ஒரு மாலையில் பிள்ளைகளை அந்தத் தெருக்களில் நடக்க அழைத்துப் போய், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஏன் இவ்வளவு இடம் விட்டுக் கட்டினார்கள் என்று கேளுங்கள். ஊருக்குப் போன கதையைத் திரும்பி வரும்போது அவர்களே தொடங்குவார்கள்.